பெயர் மறந்த வேண்டுதல்

கேட்டவருக்குக் கேட்டது கிடைக்கும் என்று நம்பி ஊர் ஊராக ஜனங்கள் வந்து நிற்கிற இடத்தில், கேட்டது கிடைத்துவிடுமோ என்று நடுங்குகிற ஒருத்தி எப்படிக் குடியிருப்பாள்? மொஹ்தரமின் வாழ்க்கையைக் கொஞ்சம் கிட்டத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் போகாது. அவளிடமே யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "அடுப்புல வேலை கிடக்கு" என்று உள்ளே போயிருப்பாள்.

அவள் வீடு மஷ்ஹத் நகரத்தின் பழைய பகுதியான நூகானில், ஒரு கார்கூட நுழைய முடியாத சந்தில் இருந்தது. மாடிக்குப் போனால் இமாம் ரிஸாவின் தர்காவுடைய தங்கக் குவிமாடம் தெரியும். மாடிக்குத் துணி காயப்போட மட்டும்தான் போவாள். போனாலும் முதுகை அந்தப் பக்கம் காட்டிக்கொண்டே கிளிப்புகளை மாட்டுவாள். கீழே மூன்று அறைகளை யாத்ரீகர்களுக்கு விட்டிருந்தார்கள். அவள் கணவர் பராத்அலி ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். முழங்கால் தேய்ந்த பிறகு தெருமுனையில் நின்று, சாவிக்கொத்தை விரலில் மாட்டிச் சுழற்றி, "ரூம், சுத்தமான ரூம், தர்கா கூப்பிடு தூரம்" என்று அழைப்பதுதான் அவருக்கு வேலை. அந்த ஊரில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டாலே வாடகை அறை என்று அர்த்தம்.

தர்காவுக்குக் கிளம்புகிற விருந்தாளிகளை மொஹ்தரம் வாசல்வரை வந்து அனுப்பிவைப்பாள். அப்போது ஊர் வழக்கப்படி ஒன்று சொல்வாள்: "துஆவில எங்களையும் நினைச்சுக்குங்க." கிளம்புகிறவர்களும் வழக்கப்படி, "நாங்கதான் உங்க துஆவுக்கு ஏங்கிக்கிட்டிருக்கோம்" என்பார்கள். நம் ஊரில் போகிறவர் "போயிட்டு வர்றேன்" என்பதும் இருப்பவர் "சரி" என்பதும் மாதிரிதான். சொல்கிறவரும் நிற்பதில்லை, கேட்கிறவரும் நிற்பதில்லை. துஆ என்கிற அந்த வேண்டுதலில் எதற்காக நினைக்க வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் திரும்பிக் கேட்டதில்லை. அதனால்தான் அவளால் அதைச் சொல்ல முடிந்தது.

நடையில், சுவர் மாடத்தில், வெளிறிப்போன ஒரு டெலிபோன் இருந்தது. கைபேசி வந்து எத்தனையோ காலமாகியும் அவர்கள் அதை எடுத்துவிடவில்லை. அது அடித்தால் பராத்அலிதான் எடுப்பார். அவர் தெருவில் இருந்தால் அடித்து அடித்து ஓயும். முதல் மணி கேட்டதுமே மொஹ்தரம் சமையலறைக் குழாயை முழுக்கத் திறந்துவிடுவாள். தண்ணீர் தொட்டியில் விழுந்து இரைகிற இரைச்சலில் பேச்சு எதுவும் காதில் விழாது. பிறகு அவர் வந்து, "இஸ்ஃபஹான்ல இருந்து ரூம் கேட்டாங்க" என்று சொன்ன பிறகுதான் குழாயை மூடுவாள். அதுவரை அவள் கை குழாயின் தலையில் இருக்கும்.

காரணம் அவர்களுடைய ஒரே மகன் மெய்ஸம். ஹோட்டல்களில் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை அவனுக்கு. நல்ல கைவேலைக்காரன், கொஞ்சம் வாய்த்துடுக்கு. இரண்டு சிநேகிதர்களோடு துருக்கிக்குப் போனான். அங்கிருந்து ரப்பர் படகில் கிரீஸுக்குப் போவதாக ஏற்பாடு. கடைசியாக அந்தக் கடற்கரையிலிருந்து கூப்பிட்டான்.

"அம்மா, கடல் தாம்பாளம் மாதிரி கிடக்கு. பயப்படாதே. அக்கரையில இறங்கினதும் இதே நம்பருக்குப் போடறேன். நம்பரை மட்டும் மாத்திடாதீங்க, எனக்கு வேற எதுவும் மனப்பாடம் இல்ல."

"சாப்பிட்டியாடா?"

"இங்க என்னத்தச் சாப்பிடறது. போய்ச் சேந்ததும் கூப்பிட்டுப் பேசறேன்."

அதோடு சரி. சிநேகிதர்களில் ஒருவன் உடல் கரையொதுங்கிற்று. இன்னொருவனைப் பற்றியும் மெய்ஸமைப் பற்றியும் எந்தத் தகவலும் இல்லை.

முதலில் அவளும் எல்லாத் தாய்மாரையும் போலத்தான் செய்தாள். தர்காவின் பழைய முற்றத்தில், சமாதி இருக்கிற மண்டபத்தின் பக்கமாக, ஓர் எஃகு ஜன்னல் உண்டு. அதன் கம்பிகளில் துணியைக் கிழித்து முடிச்சுப்போட்டு வேண்டிக்கொள்வார்கள். முடிச்சு தானாக அவிழ்ந்தால் வேண்டியது நிறைவேறிற்று என்பது நம்பிக்கை. மொஹ்தரம் ஒரு பச்சைத் துணியைக் கட்டினாள். 'என் மகன் எங்கே இருக்கான்னு எனக்குத் தெரியணும்' என்று வேண்டினாள். தினமும் போய் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு நாள் அவளுக்குப் பக்கத்தில் நிஷாபூர்க்காரி ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். அவள் புருஷன் சுரங்க வேலைக்குப் போனவன், மாதக்கணக்கில் தகவல் இல்லை. அவளும் அதே வேண்டுதலைத்தான் வைத்தாள்: எங்கே இருக்கார்னு தெரியணும். முடிச்சைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது அவள் கைபேசி அடித்தது. தகவல் வந்துவிட்டது. எந்த மலைச்சரிவில், எத்தனை நாள் மண்ணுக்கடியில், எல்லாமே தெரிந்துவிட்டது. அந்தப் பெண் அலறினாள். சுற்றி இருந்தவர்கள் அவளைத் தாங்கிப் பிடித்தார்கள். ஒரு கிழவி அவள் முக்காட்டு நுனியை எடுத்து முத்தமிட்டு, "உன் வேண்டுதல் கேட்கப்பட்டது மகளே, நீ பாக்கியசாலி" என்றாள். அது பரிகாசமில்லை. மனதாரச் சொன்னாள்.

மொஹ்தரம் அன்றைக்குத் தன் பச்சைத் துணியை அவிழ்த்து உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள்தான். பிறகு தர்கா வாசலை மிதிக்கவில்லை.

தெரியாதவரை அவன் எங்கோ இருந்தான். ஏதோ ஒரு ஊரில் லிஃப்டின் வயிற்றுக்குள் கையை விட்டு எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான், யாரையோ கேலி பண்ணிக்கொண்டிருந்தான், வீட்டு நம்பர் மறந்துபோய்விட்டது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். தெரிந்துவிட்டால் இதில் ஒன்றுதான் மிஞ்சும், அல்லது எதுவும் மிஞ்சாது. அவள் இதை இப்படி யோசித்து வைத்திருந்தாள் என்று சொல்ல முடியாது. உடம்புக்குத் தெரிந்திருந்தது. முன்பெல்லாம் கணவரை "மெய்ஸம் அப்பா" என்றுதான் கூப்பிடுவாள். அதுவும் நின்றுபோய், "இங்கே பாருங்க" என்று ஆகிவிட்டது. வீட்டில் அந்தப் பெயரே யார் வாயிலும் வராமல் போயிற்று.

சில வருஷங்கள் கழித்து ஒரு வசந்தத்தில் பராத்அலியின் சாவிச் சத்தத்தைக் கேட்டு வந்து சேர்ந்தவள் ஹலீனா. போலந்து நாட்டுக்காரி. ஐம்பதைத் தாண்டியவள். நெடுநெடுவென்ற உயரம். அவள் ஊரில் டிராம் ஓட்டுகிறாளாம். புத்தகத்தை வைத்துப் பாரசீகம் கற்றுக்கொண்டு, லீவு போட்டுவிட்டு, தனியாகப் புறப்பட்டு வந்திருந்தாள். தெருவில் பேசுகிற பாரசீகம் அவளுக்குத் தெரியாது. ஏட்டில் இருப்பதை அப்படியே பேசினாள்.

"தங்கள் இல்லத்தில் நீராடுவதற்கு வெந்நீர் உள்ளதா?" என்று அவள் கேட்டபோது பராத்அலி சாவிக்கொத்தைக் கீழே போட்டுவிட்டார்.

"இருக்கு கானும், இருக்கு. வாங்க. மன்னர் காலத்துல இருந்து இப்பத்தான் வர்றீங்களா?"

"இல்லை. வார்சாவிலிருந்து வருகிறேன்."

இன்னொரு குழப்பமும் வந்தது. மொஹ்தரம் என்றால் 'மதிப்புக்குரிய' என்று பொருள். "என் பேரு மொஹ்தரம்" என்று அவள் சொன்னதை ஹலீனா மரியாதைச் சொல்லாக எடுத்துக்கொண்டு, "நல்லது மதிப்புக்குரிய அம்மையே, தங்கள் பெயர்?" என்று மறுபடியும் மறுபடியும் கேட்டாள். ஊரார் மரியாதையாக 'கானும்' சேர்த்து அக்தஸ் கானும் என்று கூப்பிடுகிற எதிர்வீட்டுக்காரி அவரைக்காய் உரித்துக்கொண்டே இதைக் கேட்டுச் சிரித்தாள்.

"விடு மொஹ்தரம் ஜான். உன்னை மதிக்கறதுக்கு வெளிநாட்டுல இருந்து ஆள் வர வேண்டியிருக்கு. இந்தச் சந்துல யாரு மதிச்சா?"

"நீ உரிக்கிற காயைப் பாரு. தோலைச் சட்டியில போட்டுக்கிட்டு, பருப்பைக் குப்பையில போடறே."

மறுநாள் பிற்பகல் ஹலீனா தர்காவைப் பார்க்கக் கிளம்பினாள். தர்கா வாசலில் தருகிற பூப்போட்ட முக்காடு அவள் உயரத்துக்கு முழங்கால்வரைதான் வரும் என்று மொஹ்தரம் தன் பெட்டியிலிருந்து நீளமான ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கன்னத்தருகே எப்படிப் பிடித்துக்கொள்வது என்று காட்டினாள். உள் மண்டபத்துக்கு முஸ்லிம் அல்லாதவர்கள் போகக் கூடாது, முற்றத்தோடு நின்றுகொள்ள வேண்டும் என்று சொன்னாள். ஹலீனா தலையாட்டினாள். கனமான நடைபயண ஷூவின் சிவப்புக் கயிறுகளை இழுத்துக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

வாசலில் பழக்கதோஷத்தில் மொஹ்தரமின் வாய் சொல்லிற்று: "துஆவில எங்களையும் நினைச்சுக்குங்க."

ஹலீனா நின்றுவிட்டாள். திரும்பினாள். அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக மனதுக்குள் பிரித்துப் பார்க்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"தாங்கள் என்னிடம் ஒரு வேண்டுதலை ஒப்படைக்கிறீர்கள். தங்களுக்காக நான் எதை வேண்ட வேண்டும்?"

மொஹ்தரம் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் தன் குரலைத் தானே கேட்டாள். தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"என் மகன். மெய்ஸம். அவன் எங்க இருக்கான்னு தெரியணும்."

"மெய்ஸம். எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டும்." ஹலீனா பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிப் பார்த்தாள். "நன்று. கட்டாயம் வேண்டுவேன்." நெஞ்சில் கை வைத்துத் தலை தாழ்த்திவிட்டு, நீண்ட கால்களை எட்டிப் போட்டுச் சந்தின் வளைவில் மறைந்தாள்.

மொஹ்தரம் உள்ளே வந்து கீரைக் கஞ்சியைக் கிளற ஆரம்பித்தாள். சொன்னது சொன்னதுதான், போகிறது, வெளிநாட்டுக்காரி, வேடிக்கை பார்க்க வந்தவள், போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோது அக்தஸ் கானும் உரித்த அவரையோடு வந்து சமையலறைப் படியில் உட்கார்ந்தாள்.

"என்னமோ கேட்டாளே உன் போலந்துக்காரி, வாசல்ல நின்னு?"

"ஒண்ணுமில்ல."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. கொடுத்து வெச்சவ நீ. நாம கேட்டா ஆயிரத்துல ஒருத்தர். அவ கேட்டா அப்படியா? கரீப் கேட்டா கரீப் தருவார்னு சும்மாவா சொன்னாங்க."

மொஹ்தரமின் கை நின்றது.

கரீப் என்றால் சொந்த ஊரை விட்டு, ஆள்துணை இல்லாமல், அந்நிய மண்ணில் நிற்கிறவர். இமாமை அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் பிரியமாகச் சொல்வார்கள். மதீனாவிலிருந்து அத்தனை தூரம் வரவழைக்கப்பட்டு, சொந்தபந்தம் அருகில் இல்லாமல் இங்கே கண்ணை மூடியவர் அல்லவா. அதனால் அயலூரிலிருந்து ஒற்றையாக வந்தவரின் வேண்டுதலை அவர் தட்டவே மாட்டார் என்பது அந்தச் சந்தில் எல்லாரும் நம்புகிற சங்கதி. மொஹ்தரமும் நம்பினாள். குறைச்சலாக நம்பியிருந்தால் இத்தனை வருஷம் பயந்திருக்க மாட்டாள்.

உறவில்லை, மொழியில்லை, மதமுமில்லை. அவளைவிட அந்நியம் யார் இருக்க முடியும்? அவள் கேட்டுவிட்டால் கிடைத்துவிடும். இன்றைக்கே கிடைத்துவிடும்.

நடையில் டெலிபோன் சும்மா கிடந்தது. அது அடிக்கப்போகிற மாதிரி இருந்தது. அடிக்காமல் இருப்பதே அடிப்பதற்கு முந்தின ஒரு நொடி மாதிரி இருந்தது. மொஹ்தரம் குழாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடியும் திறந்தாள்.

"தண்ணியை ஏன் வீணாக்கறே?" என்றாள் அக்தஸ்.

"கஞ்சியைப் பாத்துக்க."

"நான் பாக்கறேன், நீ எங்க..."

அவள் கறுப்பு முக்காட்டை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். தெருமுனையில் பராத்அலி சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினார்.

"என்ன ஆச்சு? எங்க போறே?"

"போன் அடிச்சா எடுக்காதீங்க."

"என்னது?"

"எடுக்காதீங்கன்னேன்."

அவர் இன்னும் ஏதோ கேட்டார். அவள் கடைவீதியில் கலந்துவிட்டாள். குங்குமப்பூ, கற்கண்டு, ஃபிரோசாக் கல் மோதிரம் விற்கிற கடைகள். ஒவ்வொரு கடையிலும் யாரோ யாரையோ போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த மணி எங்கே அடித்தாலும் அவள் முக்காட்டைக் காதோடு இழுத்து இறுக்கிக்கொண்டாள். நடுவே கால் ஓடிற்று. வயதான பெண்கள் அந்தத் தெருவில் ஓடுவதில்லை. வழிவிட்டவர்கள், பாவம், யாரோ உயிருக்குப் போராடுகிற வீட்டிலிருந்து நேர்ச்சைக்கு ஓடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். 'இமாமே, அவளுக்குச் செவி கொடுக்காதே' என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். இதுவும் ஒரு வேண்டுதல்தானே, இதை யார் கேட்பது என்று நடுவில் தோன்றியது. வாயை மூடிக்கொண்டாள்.

பெண்கள் சோதனை அறையில் வரிசை நகர மறுத்தது. திரைக்குப் பின்னால் கையுறை போட்ட பெண் அவளைத் தடவிப் பார்த்தாள். வலது கையில் வந்து நின்றாள்.

"இது என்ன கானும்?"

மொஹ்தரம் குனிந்து பார்த்தாள். கஞ்சிக் கரண்டி. வீட்டிலிருந்தே கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். விளிம்பில் ஒரு கீரை இழை காய்ந்து ஒட்டியிருந்தது.

"சமைச்சுக்கிட்டிருந்தேன்."

"உள்ள யாருக்குப் பரிமாறப் போறீங்க?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "இங்க வெச்சுட்டுப் போங்க. வரும்போது வாங்கிக்குங்க," என்றாள் அந்தப் பெண். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "தண்ணி குடிக்கிறீங்களா அம்மா?"

"வேணாம். விடுங்க, போகணும்."

பழைய முற்றம் அப்படியேதான் இருந்தது. நடுவில் தங்கக் கூரை போட்ட தண்ணீர்ப் பந்தல், விரித்த கம்பளங்கள், புறாக்கள், வண்ண இறகுக் கோலால் கூட்டத்தைத் தொட்டுத் தொட்டு நகர்த்துகிற ஊழியர்கள். அவள் எதையும் பார்க்கவில்லை. அந்த ஜன்னலைத்தான் பார்த்தாள். அங்கே பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். எல்லாத் தலைகளுக்கும் மேலே ஒரு தலை தெரிந்தது.

அந்த நேரத்தில் முரசு அடித்தது.

சூரியன் விழுவதற்கு முன்னால் கோபுர மாடத்தில் முரசும் எக்காளமும் ஒலிக்கிற வழக்கம் உண்டு. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். ஆனால் யாருக்காவது அற்புதம் நடந்துவிட்டால், நோய் தீர்ந்தால், வேண்டுதல் பலித்தால், அப்போதும் அடிப்பார்கள். மொஹ்தரம் முற்றத்தின் நடுவில் நின்றுவிட்டாள். வெயில் சுவரில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், பார்த்தால் தெரிந்துவிடும். அவளால் கண்ணைத் தூக்க முடியவில்லை. காலுக்கு அடியில் கல் குளிர்ந்திருந்தது. செருப்பு எங்கே கழன்று விழுந்தது என்று நினைவில்லை. ஓர் ஊழியரின் இறகுக் கோல் அவள் தோளைத் தொட்டது.

"நடங்க அம்மா, வழியில நிக்காதீங்க."

"இது மாலை முரசுதானே?"

அவர் அவளை விசித்திரமாகப் பார்த்தார். "வேற என்ன? இந்த ஊருக்குப் புதுசா?"

அவள் கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு போனாள். கம்பிகளில் பச்சையும் வெள்ளையுமாகக் கிழிசல்கள். நடுவே ஒரே ஒரு சிவப்பு. ஹலீனாவின் ஷூ கயிறு. கட்டுவதற்கு வேறு எதுவும் இல்லாமல் ஒரு காலில் இருந்ததைக் கழற்றிக் கட்டியிருந்தாள். முடிச்சு கப்பலைக் கட்டுகிற மாதிரி கனமாக இருந்தது. மொஹ்தரம் அவள் கையைப் பிடித்தாள்.

"கேட்டுட்டீங்களா?"

ஹலீனா திரும்பினாள். முக்காடு தோளில் நழுவி, வியர்த்து, சங்கடமான முகத்தோடு இருந்தாள்.

"ஓ, தாங்களே வந்துவிட்டீர்கள். நல்லதாயிற்று. இன்னும் கேட்கவில்லை."

"கேக்கலையா?"

"கயிறு கட்டிவிட்டேன். ஆனால் தங்கள் மகனின் பெயரை மறந்துவிட்டேன். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். வாசலில் என்னைப் பரிசோதித்தபோது அது போய்விட்டது. பெயரில்லாமல் வேண்டினால் வேறு யாருடைய மகனையாவது அவர் தேடப் போய்விடுவார் அல்லவா? ஆகவே நினைவு வரட்டும் என்று காத்திருந்தேன்." அவள் கண்கள் சிவந்திருந்தன. ஒரு பெயருக்காக அழுதிருக்கிறாள் போலிருந்தது. "சொல்லுங்கள். அவர் பெயர் என்ன?"

மொஹ்தரம் வாயைத் திறந்தாள்.

அந்த நிமிஷம் பக்கத்தில், காதுக்கு வெகு அருகில், ஒரு கைபேசி அடித்தது. நிஷாபூர்க்காரியின் அலறல் இத்தனை வருஷம் தாண்டி அப்படியே அவளுக்குள் எழுந்தது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். போனுக்குச் சொந்தக்காரி, பருத்த ஒரு பெண், முக்காட்டுக்குள் துழாவி அதை எடுத்தாள்.

"சொல்லுடி... இமாம் கிட்டத்தான் இருக்கேன்... அரிசி டப்பா மேல்தட்டுல, மஞ்சள் மூடி... இல்லடி, அது சர்க்கரை. ரெண்டு வருஷமா அதே வீட்டுலதானே இருக்கே." போனை மூடிவிட்டுச் சுற்றி இருந்தவர்களிடம் மன்னிப்பாகச் சிரித்தாள். "எம் மருமக. கும்பிட விடமாட்டா."

யாரோ, "அவளுக்கும் சேர்த்து வேண்டிக்கோ" என்றார்கள்.

மொஹ்தரம் கம்பியை விடவில்லை. ஹலீனா குனிந்து அவள் முகத்துக்கு நேரே காத்திருந்தாள். அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு பொறுமையாக.

"பெயர்?" என்றாள் மறுபடியும்.

"மொஹ்தரம்."

"ஆம், மதிப்புக்குரிய... யார்?"

"மதிப்புக்குரிய இல்ல. பேரே அதுதான். மொஹ்தரம்."

ஹலீனா கொஞ்சம் குழம்பினாள். வாசலில் கேட்ட பெயர் இதுவா என்று ஒரு கணம் யோசித்தாள். அந்த நாட்டு வழக்கம் அப்படி இருக்கும் என்று விட்டுவிட்டாள் போலிருக்கிறது. சிவப்புக் கயிற்றின் மேல் கையை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, ஏட்டுப் பாரசீகத்தில், ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே எடுத்து வைத்தாள்.

"ஐயா, நான் இந்த ஊருக்கு அந்நியமானவள். தாங்களும் அப்படியே என்று சொன்னார்கள். மொஹ்தரம் எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டும். அவரைத் தேடுகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். நன்றி."

மொஹ்தரம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். திருத்தவில்லை. வீட்டு நம்பரை மறந்து எங்கோ தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறவனும் தேடுகிறவன்தானே. முரசு ஓய்ந்து, விட்ட இடத்தில் புறாக்கள் திரும்பவும் வந்து உட்கார்ந்தன.

இருவரும் ஒன்றாகவே வெளியே வந்தார்கள். ஹலீனா ஒரு கால் ஷூவை இழுத்து இழுத்து நடந்தாள். கரண்டியை வாங்க மறக்கவில்லை. "பரிமாறியாச்சா?" என்று கேட்டாள் சோதனைப் பெண். மொஹ்தரம் அதை வாங்கி முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டாள். செருப்பைத் தேடியது ஹலீனாதான். ஒன்றுதான் கிடைத்தது. ஆளுக்கொரு கால் சரியில்லாமல் அவர்கள் சந்துக்குள் நுழைந்தபோது அக்தஸ் கானும் கஞ்சி அடிப்பிடித்த கதையைச் சொல்லத் தயாராக நின்றிருந்தாள். அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அடிதான் கொஞ்சம். மேல நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"போன் அடிச்சுதா?" என்று மொஹ்தரம் கணவரிடம் கேட்டாள்.

"இல்ல," என்றார் பராத்அலி. அவர் நடையிலேயே, மாடத்தின் கீழே, தரையில் உட்கார்ந்திருந்தார். சாவிக்கொத்து மடியில் கிடந்தது. எடுக்கக் கூடாது என்பதற்காக உட்கார்ந்திருந்தாரா, எடுப்பதற்காகவா என்று அவளும் கேட்கவில்லை.

அடுத்த நாள் ஹலீனா யஸ்த் நகரத்துக்குப் புறப்பட்டாள். கயிறில்லாத ஷூவுக்குப் பராத்அலி லாரிக் காலத்து நைலான் கயிற்றில் ஒரு துண்டு வெட்டிக் கோத்துக் கொடுத்தார். வாசலில் மொஹ்தரம் வழக்கமான வார்த்தையைச் சொன்னாள். யாரிடம் கற்றுக்கொண்டாளோ, இந்த முறை ஹலீனா நிற்காமலே சரியான பதிலைச் சொன்னாள்: "நாங்கதான் உங்க துஆவுக்கு ஏங்கிக்கிட்டிருக்கோம்." ஏட்டு வாடை இல்லாமல், அந்தத் தெருவில் பிறந்தவள் மாதிரி. மொஹ்தரம் அவள் போன திசையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். பயணம் போகிறவர் நல்லபடி போய்ச் சேர அங்கே அப்படிச் செய்வார்கள்.

அன்று பிற்பகல் அவள் அந்த டெலிபோனை மாடத்திலிருந்து எடுத்தாள். ஒயர் நீளவில்லை. மகனின் பழைய கருவிப்பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, அதிலிருந்த ஒயரை எடுத்துக் கணவரிடம் கொடுத்தாள். அவர் ஒட்டிக் கொடுத்தார். டெலிபோன் சமையலறைக்கு வந்தது. குழாய்க்குப் பக்கத்தில், உப்பு ஜாடி இருந்த இடத்தில்.

"இங்க எதுக்கு?" என்றார் பராத்அலி. "எண்ணெய்ப் புகை அடிக்குமே."

"அங்க தூசி."

அவர் மாடத்தைத் தடவிப் பார்த்தார். தூசி இருந்தது, உண்மைதான். எப்போதும் இருந்ததுதான்.

அக்தஸ் பலமுறை கேட்டுப் பார்த்தாள். பராத்அலி ஒரு தடவைக்கு மேல் கேட்கவில்லை. தர்காவுக்கு அவள் மறுபடியும் போகவும் இல்லை. மாடியில் துணி காயப்போடும்போது முதுகைக் காட்டுவதும் அப்படியேதான். அறை கேட்டு யார் யாரோ கூப்பிடுகிறார்கள். தப்பான நம்பரும் வருகிறது. இப்போது அவளேதான் எடுக்கிறாள், எடுக்கும்போது மற்றொரு கையால் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறாள். ஆனால் அரிசி களைந்துகொண்டிருந்தாலும் சரி, கீரை அலசிக்கொண்டிருந்தாலும் சரி, முதல் மணி அடித்ததும் குழாயை மூடிவிடுகிறாள்.